மறைக்குது, உக்காரும்மா

எங்கள் வீட்டில் ஒரு வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். என் மகளுக்கு வருவதை மயக்கம் என்றுதான் சொல்வோம். வெயில் மயக்கம், பசி மயக்கம், ரத்தம் கம்மியாக இருப்பதால் வரும் மயக்கம். பள்ளிக்கூடத்து டீச்சரிடம் அப்படித்தான் சொன்னேன். ஷூ கம்பெனியில் அவளைச் சேர்த்துவிட்டபோதும் அப்படித்தான். பெண் பார்க்க வந்தவர்களிடமும் அதையே சொன்னேன். அவர்கள் நம்பாமல் எழுந்து போனார்கள் என்பது வேறு விஷயம். நான் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவள் படித்திருக்கவும் மாட்டாள், ஒரு மாதச் சம்பளம் வாங்கியிருக்கவும் மாட்டாள்.

நான் அதிகம் படித்தவள் இல்லை. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன், எழுத்துக் கூட்டி நிதானமாக வாசித்தால் எதையும் வாசித்துவிடுவேன். இதையும் அப்படி நிதானமாகத்தான் எழுதுகிறேன். ஆம்பூரில் வீட்டிலேயே உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுத்துத்தான் அவளை வளர்த்தேன். அவள் அப்பா போன பிறகு ஒருவர் வீட்டு வாசலில் போய் நின்றதில்லை.

அவளுக்கு அது வரும்போது முதலில் இடது கைக் கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கும். மற்ற விரல்கள் அதன்மேல் இறுகி மூடிக்கொள்ளும். அதற்கப்புறம்தான் கண் ஒரு பக்கமாக இழுக்கும், அதற்கப்புறம்தான் விழுவாள். இது எனக்கு மட்டும் தெரிந்தது. டாக்டருக்கே நான் சொல்லித்தான் தெரியும். அவள் வெங்காயம் நறுக்கினாலும், தலை வாரினாலும், என்னோடு சண்டை போட்டாலும் என் கண் அந்தக் கை மேலேயேதான் இருக்கும்.

"என் மூஞ்சியப் பாத்துப் பேசும்மா" என்று எரிந்து விழுவாள்.

எப்படிப் பார்ப்பது?

எங்கள் பக்கத்தில் ஒரு ஆள் இப்படி விழுந்துவிட்டால், ஓடி வருகிறவர்கள் கையில் இரும்பைத் திணிப்பார்கள். சாவிக்கொத்து, அரிவாள்மணை, எது அகப்படுகிறதோ அது. இன்னொருவர் காலில் கிடக்கும் செருப்பைக் கழற்றி மூக்கில் வைப்பார். அதெல்லாம் வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வை, தலைக்கு அடியில் துணி வை, வாயில் எதையும் வைக்காதே, தண்ணீர் ஊற்றாதே என்று வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அன்றிலிருந்து நான் அதைத்தான் செய்கிறேன். ஆனால் ஊருக்கெல்லாம் யார் போய்ச் சொல்வது?

ஷூ கம்பெனியில் அவளுக்கு செக்கிங் வேலை. தைத்து வரும் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நூல் விட்டதையும் ஒட்டு விலகியதையும் தனியே எடுத்து வைக்க வேண்டும். ஒரு நாள் சாப்பாட்டு நேரம் முடிந்து வந்தவள் அங்கேயே விழுந்துவிட்டாள். சாவிகள் வந்தன, செருப்புகள் வந்தன. ஷூ கம்பெனியில் அதற்கா பஞ்சம். பக்கத்தில் நின்ற யாரோ ஒருவன் அதை போனில் வீடியோ படம் எடுத்தான். அது கை மாறிக் கை மாறி எங்கள் தெருவுக்கே வந்து சேர்ந்தது. முகம் தெரியாது. வலது பக்கமும் கம்பெனியின் நீலக் கோட்டும் துள்ளுகிற காலும்தான் தெரியும். பின்னால் ஒரு குரல் கேட்கும்: "இன்னா சைஸ் வேணும்னு கேளு, ஆறா ஏழா?" அதற்கு எல்லாரும் சிரிப்பார்கள்.

ரெஸ்ட் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். அப்புறம் கூப்பிடவே இல்லை.

அடுத்து அவளுக்குக் கிடைத்த வேலை மியூசியத்தில். ஹைவே ஓரத்தில், பாலாற்றைப் பார்த்த மாதிரி, மூடிக் கிடந்த ஒரு தோல் பதனிடும் டேனரி இருந்தது. அதன் முதலாளியின் பேரப் பிள்ளைகள் தோல் ஊற வைத்த தொட்டிகளை மூடி, சுவருக்கெல்லாம் வெள்ளையடித்து, இந்தக் காலத்துக் கலைக்கு என்று மியூசியமாக்கிவிட்டார்கள். சாமி சிலையோ ராஜா கத்தியோ அங்கே இருக்காது. மாடி ஹாலில் படிக்கட்டுப் பக்கம் என் மகளுக்கு ஒரு நாற்காலி. வருகிறவர்கள் எதையும் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உட்கார்ந்த வேலை, ஃபேன் காற்று, மரியாதையாகப் பேசுகிறவர்கள். சேரும்போது உடம்புக்கு ஏதாவது உண்டா என்று கேட்டார்களாம். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டாள். நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

அங்கே அவ்வப்போது ஒரு நிகழ்ச்சி நடக்கும். நாடகமும் இல்லை, கச்சேரியும் இல்லை. ஒரு ஆள் ஜனங்களுக்கு நடுவே இருந்துகொண்டு, தன் உடம்பை வைத்து எதையாவது செய்வார். மற்றவர்கள் பார்ப்பார்கள். பர்ஃபாமன்ஸ் என்று அதற்குப் பெயர். சாயங்காலம் வந்து அதைச் சொல்லுவாள். என்னோடு உட்கார்ந்து ஷூ தைக்கும் பக்கத்து வீட்டு பாய் வீட்டம்மா கேட்டுக்கொண்டிருப்பாள்.

"ஒருத்தரு ஐஸ் கட்டிய மடியில வெச்சிக்கினு உக்காந்திருந்தாரு. அது கரையிற வரைக்கும்."

"கரைஞ்சப்புறம்?"

"எழுந்து போய்ட்டாரு."

"லுங்கி நனைஞ்சிருக்குமே."

"பேண்ட்டு."

"யா அல்லா. ஜலதோசம் புடிச்சா யாரு பாக்கறது அந்தாள? வீட்ல பொண்டாட்டிக்குத்தான பேஜார்."

சிரித்துக்கொண்டே இருந்தவள் ஒரு நாள் சிரிக்காமல் வந்தாள். பாய் வீட்டம்மா எழுந்து போகும்வரை காத்திருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ம்மா, நானும் ஒண்ணு பண்ணப் போறேன். எங்க மியூசியம் மேடம் சரின்னுட்டாங்க."

"இன்னா, பாட்டுப் பாடப் போறியா?"

"விழப் போறேன்."

தைத்துக்கொண்டிருந்த ஊசி என் விரலில் ஏறியது.

அந்த போன் படத்தைப் பார்த்துப் பார்த்து, தான் எப்படி விழுந்தோம் என்று கற்றுக்கொண்டிருக்கிறாள். முட்டி எப்படி மடங்கியது, தோள் எந்தப் பக்கம் சாய்ந்தது, கால் எப்படி உதைத்துக்கொண்டது, எல்லாம். அந்த நீலக் கோட்டையே போட்டுக்கொண்டு, ஜனங்களுக்கு நடுவில், விழுவதும் எழுவதும் வேலை செய்வதும் மறுபடி விழுவதுமாகக் காலையிலிருந்து மத்தியானம் வரை செய்யப் போகிறாளாம்.

"மேடம்கிட்ட இன்னான்னு சொன்ன?"

"கம்பெனில ஒரு பொண்ணு விழுந்துச்சி, சுத்தி நின்னவங்க வீடியோ எடுத்தாங்க, அதப் பத்தின்னு சொன்னேன்."

"அந்தப் பொண்ணு நீதான்னு?"

"அத ஏன் சொல்றேன்? மூஞ்சிதான் தெரியாதே."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா இன்னா. ரெஸ்ட் எடுத்துட்டு வாம்மான்னுவாங்க." கம்பெனி சூப்பர்வைசர் குரலிலேயே சொன்னாள்.

வியாதியை வேஷம் போடாதே, அது வந்து ஒட்டிக்கொள்ளும் என்றேன். அழுதும் பார்த்தேன். நான் அழுவது குறைவு என்பதால் கொஞ்சம் அசைந்தாள். ஆனால் விடவில்லை.

"அவனுங்க பாத்தது அவனுங்க போன்லயே கெடக்குது. நானா ஒரு வாட்டி விழறேன்மா. நானா எழுந்துக்கறேன்."

"நடுவுல நெசமா வந்துட்டா?"

"அதுக்குத்தான் நீ. முன்னாடி உக்காந்துக்கோ. வந்தா உனக்குத் தெரியும்ல, எழுந்து வந்துடு. வரலைன்னா மட்டும் தயவு செஞ்சி வந்துடாத. நீ வந்தா எல்லாருக்கும் தெரிஞ்சிடும். அதோட இந்த வேலையும் போச்சு."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நிஜமாகவே வந்துவிட்டால் சுற்றி இருப்பவர்கள் அதையும் வேஷம் என்று நினைத்து ரசித்துக்கொண்டுதான் இருப்பார்கள். நான் ஒருத்திதான் கண்டுபிடிக்க வேண்டும். தப்பாகக் கண்டுபிடித்தால் அவள் வேலையை நானே பறித்தவள் ஆவேன். கண்டுபிடிக்காமல் விட்டால் அவளே போய்விடலாம்.

நிகழ்ச்சிக்கு முந்தின சாயங்காலம் அவள் கேட்டாள். "ஆமா, எதப் பாத்தும்மா கண்டுபுடிப்ப?"

கட்டைவிரல் விஷயத்தை நான் அவளிடம் சொன்னதே இல்லை. சொன்னால் நாள் முழுக்கத் தன் விரலையே பார்த்து பயந்துகொண்டிருப்பாள் என்று விட்டுவிட்டேன். அந்தப் படத்திலும் இடது கை தெரியாது. அன்றைக்கு வேறு வழி இல்லை என்று தோன்றியது. என் கையை மடக்கிக் காட்டினேன். கட்டைவிரல் உள்ளே, மற்ற விரல் மேலே.

அவள் தன் கையை அப்படியே மடக்கிப் பார்த்தாள். விரித்தாள். மறுபடி மடக்கினாள். யாரோ ஒருத்தியின் கையைப் பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் காட்டியிருக்கக் கூடாது என்று எனக்கு உறைத்தது.

"பாப்பா, அத மட்டும் நாளைக்குச் செஞ்சிடாத. அப்புறம் எனக்கு எதுவும் தெரியாது."

"செய்ய மாட்டேன்மா."

ஆனால் கை கற்றுக்கொண்டதை மறக்குமா? எத்தனை வருஷம் தைக்கிறேன், எனக்குத் தெரியாதா. நாம் வேறு நினைப்பில் இருக்கும்போதுதான் கை தானாகச் செய்யும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவள் முகம் வெளுத்திருந்தது. தூங்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. தூக்கம் கெட்டால் வரும் என்று டாக்டரம்மா சொன்னது காதிலேயே நின்றது.

"மாத்திர போட்டியா?"

"போட்டுட்டேன்."

"எப்ப?"

"நீ பல்லு விளக்கறப்ப."

"இட்லி?"

"வயிறு ஒரு மாரியா இருக்குது. அப்புறம் துன்றேன்."

பாய் வீட்டம்மாவும் கூட வந்தாள். அவளுக்கு விஷயம் தெரியும். தெருவில் எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான். பர்தாவுக்குள் ஒரு பிரியாணி டப்பாவை வைத்திருந்தாள். முடிந்ததும் பிள்ளைக்குப் பசிக்கும் என்றாள்.

மியூசியத்தின் வாசலில் வைத்திருந்த போர்டை நின்று வாசித்தேன். என் மகள் பெயர் பெரிதாக இருந்தது. அதற்குக் கீழே, காலணிகளை இங்கே கழற்றி ஹாலின் நடுவே வையுங்கள் என்று இருந்தது. எல்லாரும் செருப்பைக் கையில் எடுத்துப் போய் நடுவில் குவித்தார்கள். பாய் வீட்டம்மா தயங்கினாள்.

"புதுசுக்கா. வேலூர் லாங் பஜார்ல பேரம் பேசி வாங்குனது. யாராவது மாத்திப் போட்டுக்கினு போய்ட்டா?"

"உன் செருப்ப எவ போடுவா, வை."

"ஏன், என் செருப்புக்கு இன்னா கொறச்சல்?"

கீழ் ஹால் அது. மெட்ராஸிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்தவர்கள் இருந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள், ஆம்பூர்ப் பக்கத்துப் பெண்கள் சிலர். அதில் கம்பெனிப் பெண்களும் இருந்திருக்கலாம், எனக்கு முகம் பதியவில்லை. எல்லாரும் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். எங்கள் இருவருக்கும் முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். நடுவில் செருப்புக் குவியல், ஒரு மேஜை, மேஜை மேல் ஒரு தட்டு நிறைய சாவிகள். தரையில் மெல்லிய ரப்பர் விரிப்பு. மேடம் சுவரோரம் நின்றார். சின்ன வயசு, பருத்திப் புடவை, தண்ணீர் பாட்டிலோடு. என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். இவர் கையில்தான் என் மகளின் வேலை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே நானும் கும்பிட்டேன்.

மகள் நீலக் கோட்டில் வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. மேஜை முன் நின்று, குவியலிலிருந்து ஒரு செருப்பை எடுத்து, கம்பெனியில் செய்வதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்து இந்தப் பக்கம் வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். அந்தப் பக்கம் வைத்தாள். பாய் வீட்டம்மா என் காதில், "என்னுது பாஸாய்டிச்சிக்கா" என்றாள். அந்த நொடியே என் மகள் விழுந்தாள்.

நான் எழுந்துவிட்டேன். தெரிந்தே வந்திருக்கிறேன், இருந்தும் எழுந்துவிட்டேன்.

"உக்காரும்மா, மறைக்குது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

இடது கையைப் பார்த்தேன். விரல்கள் விரிந்து கிடந்தன. உட்கார்ந்தேன்.

ஜனங்களில் ஒரு பெண் எழுந்து போய், தட்டிலிருந்து ஒரு சாவியை எடுத்து அவள் கையில் வைத்தாள். அப்படிச் செய்யலாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். சாவி பட்டதும் அவள் விரல்கள் அதை வாங்கி மூடிக்கொண்டன. கொஞ்ச நேரம் கிடந்தாள். எழுந்தாள், சாவியை மேஜையில் வைத்தாள், அடுத்த செருப்பை எடுத்தாள்.

இப்படியே நடந்துகொண்டிருந்தது. விழுவாள், நான் கையைப் பார்ப்பேன், விரல் விரிந்திருக்கும், யாராவது சாவி வைப்பார்கள், எழுவாள். வெளியில் லாரிகள் போகும் சத்தம் கேட்டது. கண் சிமிட்டினால் அந்த நேரத்தில் மடங்கிவிடுமோ என்று எனக்குப் பயம். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஒரு பக்கம் பாத்ரூம் போக வேண்டும்போல இருந்தது, போகவில்லை. முதலில் சாவி வைக்கத் தயங்கியவர்கள் இப்போது நான் நீ என்று எழுந்தார்கள். போன்கள் வெளியே வந்துவிட்டன. மகளுக்கு உதடு காய்ந்து, நெற்றி மயிர் ஒட்டிக்கொண்டு, நிற்கும்போது முட்டி லேசாக ஆடியது. போதும் வாடி என்று சைகை காட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஜாஸ்தியா ஆவுதுக்கா. புள்ள துவண்டு போச்சு" என்றாள் பாய் வீட்டம்மா. இப்போது அவளும் சிரிக்கவில்லை.

ஒரு செருப்பைக் கையில் எடுத்தவள் அதைப் பார்த்தபடியே நின்றாள். வழக்கத்தைவிடக் கூடுதலாக நின்றாள். இடது கை பக்கத்தில் தொங்கியது. கட்டைவிரல் உள்ளே போனது. மற்ற விரல்கள் அதன்மேல் மூடின. விழுந்தாள்.

எழப் போனவள் அப்படியே இருந்துவிட்டேன். முந்தின நாள் நான் காட்டிக் கொடுத்த மாதிரியே இருந்தது அது. அச்சு அசல். களைப்பில் கை தானாகச் செய்கிறதா? இல்லை, வந்தேவிட்டதா? கண்ணைப் பார்க்கலாம் என்றால் முகம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. கால் உதைத்துக்கொள்கிறது. அதுதான் காலையிலிருந்து உதைக்கிறதே. மேடம் சுவரோரம் கை கட்டிக்கொண்டு அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வரலைன்னா வந்துடாத என்று அவள் சொன்னது காதில் கேட்டது. நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒரு பக்கம் வேலை, ஒரு பக்கம் உயிர் என்று சொல்லிவிட்டால் எது பெரிசு என்று யாராக இருந்தாலும் சொல்லிவிடுவார்கள். அங்கே அப்படித் தனித்தனியாக எதுவும் தெரியவில்லை. ஒரு விரல்தான் தெரிந்தது.

கல்லூரிப் பையன் ஒருவன் சாவியை எடுத்துக்கொண்டு வந்தான். குனிந்து அவள் கையில் வைத்தான். சாவி நழுவிக் கீழே விழுந்து சத்தம் போட்டது. எடுத்து மறுபடி வைத்தான். விரலைப் பிரிக்கப் பார்த்தான், பிரியவில்லை. "வாங்க மாட்டேன்றாங்க" என்று வட்டத்தைப் பார்த்துச் சிரித்தான். நாலு பேர் சிரித்தார்கள்.

காலையிலிருந்து எந்தச் சாவியையும் அவள் வாங்காமல் இருந்ததில்லை.

எழுந்தேன்.

"மறைக்குதும்மா, உக்காருங்க" என்று மறுபடி பின்னாலிருந்து வந்தது. நான் உட்கார்ந்தேன், ஆனால் நாற்காலியில் இல்லை. நடுவில் போய், என் மகளுக்கும் அந்த போன்களுக்கும் குறுக்கே தரையில் உட்கார்ந்தேன். அவளை என் பக்கமாக ஒருக்களித்தேன். முந்தானையைச் சுருட்டித் தலைக்கு அடியில் கொடுத்தேன். வாயோரம் நுரை. நீலக் கோட்டின் அடிப்பக்கம் ஈரமாகிக்கொண்டிருந்தது. என் முதுகு அகலமான முதுகு. அதுவரைக்கும் அதற்காக நான் சந்தோஷப்பட்டதில்லை.

இந்தப் பக்கம் நான் மறைத்தேன். அந்தப் பக்கம் திறந்து கிடந்தது. பாய் வீட்டம்மா ஓடி வந்து பர்தாவை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு படுதா மாதிரி நின்றாள்.

"போன உள்ள வைங்க! இன்னா கல்யாணமா நடக்குது இங்க, வீடியோ எடுக்க?"

அப்போதும் அவர்களுக்குப் புரியவில்லை. இதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்தது என்று நினைத்து மூச்சுவிடாமல் பார்த்தார்கள். மூலையில் யாரோ ஒருவர் மெதுவாகக் கை தட்ட ஆரம்பிக்க, மற்றவர்களும் தட்டினார்கள். என் மகள் என் பக்கத்தில் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருக்கிறாள், அவர்கள் தட்டுகிறார்கள். அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

மேடம் மட்டும் முகம் மாறி வேகமாக வந்தார். பக்கத்தில் மண்டியிட்டார்.

"அம்மா, மயக்கமா? காலையிலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடலையே இவங்க." சொல்லிக்கொண்டே பாட்டிலைத் திறந்து என் மகளின் வாய்ப்பக்கம் கொண்டுபோனார்.

ஆமாம் மயக்கம்தான் என்று சொல்ல என் நாக்கு தயாராகத்தான் இருந்தது. அத்தனை வருஷமாகச் சொன்ன சொல், தானாக வரும். சொல்லியிருந்தால் பசி மயக்கம் என்று எல்லாம் மூடி மறைந்திருக்கும், வேலையும் இருந்திருக்கும். ஆனால் அந்தத் தண்ணீர் பாட்டில் அவள் உதட்டுக்கு வந்துவிட்டது. உள்ளே போனால் மூச்சில் ஏறிவிடும். பாட்டிலைத் தட்டிவிட்டேன்.

"மயக்கம் இல்லம்மா. வலிப்பு. என் பொண்ணுக்குச் சின்ன வயசுலேர்ந்து வலிப்பு. தண்ணி குடுக்கக் கூடாது. கையப் புடிக்காதீங்க, அதுவா நிக்கும். அவங்களையெல்லாம் வெளியில போகச் சொல்லுங்க."

கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. கை தட்டுவது நின்றது. மேடம் எழுந்து இங்கிலீஷில் ஏதோ சொன்னார். ஜனங்கள் செருப்பைக்கூட எடுக்காமல் வெளியே போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் வெட்டுவது நின்றது. ஆபீஸ் அறையில் ஒரு சோபாவில் படுக்க வைத்தோம். எப்போதும்போல அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். மேடம் மாற்றுத் துணி கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வெளியே போய்விட்டார். கேட்டிருந்தால் தேவலை. கேட்காமல் போனதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கண் விழித்ததும் மேல் கூரையைப் பார்த்தாள். நான் யார், இது எந்த இடம் என்று பிடிபட அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆகும்.

"வந்துச்சா?"

"வந்துச்சி."

"பாத்தாங்களா?"

"நான்தான் குறுக்க உக்காந்துட்டேனே. அந்தப் பக்கம் பாய் வீட்டம்மா நின்னுக்கினா."

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"இன்னான்னு?"

நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். ஒரே நாளில் இரண்டாவது தடவை. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிரியாணி டப்பா திறக்கவே இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆம்பூர் வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். "நீ செஞ்சது சரிதான்க்கா" என்று பாய் வீட்டம்மா என் தொடையைத் தட்டினாள். சரியா தப்பா என்பதா என் கவலை? நாளைக்கு என்ன ஆகும் என்பதுதான் என் கவலை.

திங்கட்கிழமை மியூசியத்துக்கு லீவு. போன் எப்போது அடிக்கும் என்று அன்றைக்கு முழுவதும் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் இருந்தோம். ரெஸ்ட் எடுக்கச் சொல்லி கம்பெனியிலிருந்து வந்ததும் அப்படித்தான், போனில். அடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை யூனிஃபார்ம் சுடிதாரை இஸ்திரி போட்டுக்கொண்டு, இட்லி தின்று, மாத்திரையை என் கண் எதிரிலேயே போட்டுக்கொண்டு கிளம்பினாள். கூட வரவா என்றேன். வேண்டாம் என்றாள். அன்றைக்குத் தைத்ததில் பாதியைப் பிரித்து மறுபடி தைக்க வேண்டியதாயிற்று.

சாயங்காலம் அவள் வரும் பஸ்ஸுக்கு முன்னாலேயே போய் ஸ்டாப்பில் நின்றேன். இறங்கினாள். முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. வீடு வரைக்கும் கேட்காமல் வந்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"இன்னாடி சொன்னாங்க?"

"இன்னா மாத்திர சாப்படறன்னு கேட்டாங்க. வந்தா இன்னா பண்ணணும்னு எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கச் சொன்னாங்க. செக்யூரிட்டி அண்ணன் சாவி வெக்கலாமான்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"உங்க சாவிய நீங்களே வெச்சிக்குங்கண்ணான்னேன்."

சிரிக்கலாமா என்று பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நாற்காலிய மாத்திட்டாங்கம்மா. மேல படிக்கட்டுகிட்ட இருந்துச்சில்ல, இப்ப கீழ் ஹால்ல."

"நல்லதுதான. படியில உருண்டா இன்னா ஆவறது?"

"மேல ஜன்னல் இருந்துச்சி. ஆறு தெரியும்." கொஞ்சம் பொறுத்து, "கேட்டு மாத்தல, வந்து பாக்கறேன், மாத்தியிருக்காங்க" என்றாள்.

அது அக்கறையா, ஒரு படி கீழே இறக்கியதா என்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. வேலை இருக்கிறது. மாதம் முடிந்தால் சம்பளம் வருகிறது. ஆனால் மேடம் இப்போதெல்லாம் நாளில் நாலு தடவை வந்து, உடம்பு பரவாயில்லையா என்று கேட்கிறாராம். அதற்கு இவள் எரிச்சல்படுகிறாள். எனக்கு ஒரு மனம் நிம்மதி, ஒரு மனம் திக் என்கிறது.

"கீழ ஃபேன் இருக்குதா?"

"இருக்குது."

வாசலில் அண்டாவிலிருந்து தண்ணீர் எடுத்து முகம் கழுவப் போனாள். அங்கிருந்தே சொன்னாள்.

"டாக்டர் சரின்னா திரும்பவும் பண்ணச் சொல்றாங்க. நெசத்த சொல்லிட்டே பண்ணலாம்னு."

"பண்ணப் போறியா?"

"தெரியல. பாப்போம்."

அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, மனசு கேட்காமல் கேட்டேன். "பண்ணா நான் எங்க உக்கார்றது?"

"நீ எங்க உக்காந்தாலும் மறைக்கத்தான போற."

அதைச் சொல்லிவிட்டு ஈர முகத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். செம்பைப் பிடித்திருந்த அவள் இடது கையை நான் பார்த்தேன். கட்டைவிரல் வெளியில்தான் இருந்தது.